நீல வண்டி முன்னால் வந்தது

அத்தியாயம் 4

அண்ணியின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தால் என் கால் வலிக்க ஆரம்பிக்கும். எங்கள் துப்பறியும் நிலையத்தில் வேலைப் பங்கீடு அப்படி. அவர் யோசிப்பார், நான் ஏறி இறங்குவேன். அண்ணன் மட்டும் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அவளைப் பத்திரமா பாத்துக்கடா" என்று எனக்குப் போன் பண்ணுவான். அவரிடமிருந்து ஊரே பத்திரமாக இருக்க வேண்டியிருக்கிறது, இவன் என்னிடம் வந்து சொல்கிறான்.

அன்றைக்கு நாங்கள் நின்றது ஒரு மலையடிவாரத்தில், கேபிள் கார் நிலையத்தின் வாசலில். எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். என்னைப் போய், அந்தரத்தில் கம்பியில் தொங்குகிற வண்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார் அண்ணி.

"நான் கீழேயே இருந்து கேஸைப் பாத்துக்கறேனே அண்ணி."

"கேஸ் மலைல இருக்கு, தம்பி."

"அப்போ கேஸ் இறங்கி வரட்டும்."

"கொழுந்தனாரே" என்றார். கோபம் வந்தால் இப்படித்தான் மரியாதை கூடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காணாமல் போனவனுக்குச் சந்துபொந்து என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள், அது ரேஷன் கார்டோடு சரி. வீடியோ போடுகிறவன். ஊரெல்லாம் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற இடங்களில், இவன் மட்டும் பின்பக்கம் போவான். இந்த மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், வண்டியில் ஏறுகிறார்கள், உச்சியில் இதய வடிவ இரும்புச் சட்டத்துக்குள் தலையை நீட்டிப் படம் எடுக்கிறார்கள், சாவிக்கொத்து வாங்குகிறார்கள், இறங்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை இருப்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த மிச்ச மலையைத் தேடிக் காட்டுவதுதான் சந்துபொந்தின் பிழைப்பு.

நேற்று மத்தியானம் அவன் தன் மனைவிக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான். முகம் நிறையச் சிரிப்பு. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்தது. பின்னால் ஒரு பெரிய பாறை, அதற்கு மேலே வானத்தில் இரண்டு கேபிள் வண்டிகள் ஒன்றை ஒன்று கடந்து போகின்றன. கீழே, "யாருக்கும் தெரியாத இடம். வந்து சொல்றேன்" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான். அப்புறம் போன் செத்துவிட்டது, ஆள் வரவில்லை. ராத்திரி முழுக்க மலையில் மழை.

"இன்னொரு ராத்திரி தாங்காது மேடம்" என்றார் தேடுதல் குழுவின் தலைவர். தீயணைப்புத் துறைக்காரர். கழுத்தில் விசில் தொங்கும், பேச்சுக்குப் பேச்சு அதை ஊதுவார், அதனால் எல்லோருக்கும் அவர் விசில்காரர். "அடிபட்டுக் கிடந்தா குளிரே முடிச்சுரும். சாயங்காலத்துக்குள்ள கிடைச்சாத்தான் உண்டு."

அவர் இதைச் சொன்னபோது சந்துபொந்தின் மனைவி பக்கத்தில்தான் நின்றார். பல் டாக்டர். கிளினிக்கில் இருந்து அப்படியே ஓடி வந்தவர், மேலங்கிப் பையில் இன்னும் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடிக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. போலீஸில், "எங்கேயாவது ஜாலியா போயிருப்பாரும்மா, வந்துருவாரு" என்று சிரித்தார்களாம். அதனால்தான் எங்களிடம் வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

"உயிரோட வேணும் மேடம். வேற எதுவும் கேக்கல" என்றார் அண்ணியிடம்.

அண்ணி அவர் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு நடந்தார்.

*

கேபிள் கார் கம்பிகளுக்கு ஒரு பக்கம் பழைய கல்குவாரி, இன்னொரு பக்கம் அருவி. தேடல் முழுக்கக் குவாரிப் பக்கம்தான் நடந்தது. படத்தைப் பார்த்தாலே தெரியும். குவாரிப் பக்கம் நின்று பார்த்தால் கம்பி இடது கைப் பக்கமாக மேலே ஏறும், அருவிப் பக்கம் நின்றால் வலது கைப் பக்கமாக ஏறும். படத்தில் கம்பி இடது பக்கமாக ஏறியது. குழந்தைக்கும் புரிகிற கணக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து அறுபது எழுபது பேர் அந்தப் பக்கத்தைச் சல்லடை போட்டிருந்தார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது சந்துபொந்தின் எடிட்டர். ஒல்லியான பையன் என்று சொல்லலாம், ஆனால் முப்பது தாண்டியிருக்கும். சந்துபொந்துக்குக் கேமரா பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் இவன்தான். நேற்று தான் கூடப் போகவில்லை என்றும், அவர் தனியாகப் போய்விட்டார் என்றும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதான். கையில் ஒரு குச்சி, குச்சி முனையில் போன், போனில் லைவ்.

"மக்களே, நாம இப்ப எஞ்சின் கொட்டகைக்கு வந்திருக்கோம். அண்ணன் இங்க இருக்கணும்னு வேண்டிக்குங்க மக்களே."

"இந்தத் தேடல்ல லைவ் எதுக்குத் தம்பி?" என்றேன்.

"எல்லாரும் கவலையா இருக்காங்க சார். எங்கெங்கயோ இருந்து பாக்கறாங்க." சொல்லும்போது முகம் மறுபடியும் கோணிற்று. பாவமாகத்தான் இருந்தது.

எஞ்சின் கொட்டகை என்பது, குவாரியிலிருந்து கல் இறக்க முன்னொரு காலத்தில் ஓடிய கம்பி வண்டிக்கான இடம். கூரை போய்விட்டது. ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த சக்கரம் ஒன்று, அதன் நடுவிலிருந்து ஒரு மரம். அழகான இடம், ஒத்துக்கொள்கிறேன். சந்துபொந்து போன வருஷம் இதைக் காட்டினானாம். அதன் பலன், தரை முழுக்கச் சிப்ஸ் பாக்கெட். உள்ளே ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருந்தது. விசில் சத்தம் கேட்டதும் இருவரும் இரண்டு திசையில் ஓடினார்கள்.

"ஊரே ஒருத்தனைத் தேடுதுன்னு தெரியாதா இவங்களுக்கு?" என்றேன்.

"அவங்களை யாரும் தேடக் கூடாதுங்கிற கவலை அவங்களுக்கு" என்றார் அண்ணி.

அடுத்து குவாரிக் குட்டை. வெட்டிய பாறைக்கு நடுவே பச்சைத் தண்ணீர், அதில் மேலே போகிற வண்டியின் நிழல் தலைகீழாக. ஆட்கள் தண்ணீரில் கொக்கி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார். அண்ணி ஒவ்வொரு இடத்திலும் போனில் இருந்த படத்தை நீட்டிப் பிடித்துப் பாறையோடு ஒப்பிட்டார்.

"எங்கயும் பாறை காய்ஞ்சு கிடக்கு" என்று முணுமுணுத்தார். "படத்துல பளபளன்னு ஈரம். நேத்து மத்தியானம் மழையே இல்ல."

"ஊத்து ஏதாவது இருக்கும் மேடம்" என்றார் விசில்காரர். "படத்துல கம்பி எந்தப் பக்கம் ஏறுது பாருங்க. இந்தப் பக்கம்தான். சந்தேகமே வேண்டாம்."

எடிட்டர் தலையாட்டினான். நாங்கள் வௌவால் பொந்து என்ற மூன்றாவது இடத்துக்கு ஏறினோம். அதன் உள்ளே என்ன இருந்தது என்று பெயரே சொல்லிவிட்டது. தலை முழுக்க எச்சத்தோடு வெளியே வந்து, ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். கம்பியில் ஓடுவது மொத்தம் இரண்டே வண்டி, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். என் மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள், நீல வண்டியைப் படம் எடுத்து அனுப்பு, நம்ம பாப்பா பாக்கணுமாம் என்று. என் பெண்ணுக்கு நீலம் என்றால் உயிர். காலையிலிருந்து எடுக்கிறேன், ஒரு படமும் உருப்படியாக விழவில்லை.

"சனியன் புடிச்ச மஞ்ச வண்டி" என்றேன் சத்தமாக.

"என்ன?" என்றார் அண்ணி.

"இங்கிருந்து ரெண்டு வண்டியும் கடக்கிற நேரத்துலதான் பக்கத்துல தெரியுது. ஆனா எப்ப எடுத்தாலும் மஞ்சள்தான் முன்னாடி வந்து மறைக்குது. நீலம் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குது. கொட்டகைல எடுத்தேன், மஞ்சள். குட்டைகிட்ட எடுத்தேன், மஞ்சள். அந்த வண்டிக்கு என்மேல என்ன காண்டோ தெரியல."

அண்ணி என் போனைப் பிடுங்கினார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு சந்துபொந்தின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"தம்பி, நீ தங்கம்டா."

"நான் என்ன பண்ணேன்?"

"வாயை மூடிக்கிட்டு வா."

*

நேராகக் கீழ் நிலையத்துக்கு இறங்கினார். வண்டியில் கதவு மூடி விடுகிற ஊழியர் பன் தின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த மஞ்ச வண்டி எப்பவாவது அந்தக் கம்பிக்கு மாறுமா?"

"எப்படிங்க மாறும்? ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும். அதது கம்பி அததுக்கு. மஞ்சள் குவாரிப் பக்கம், நீலம் அருவிப் பக்கம். வண்டியைக் கழட்டி மாட்டினாத்தான் உண்டு."

அண்ணி நன்றி சொல்லிவிட்டு, பல் டாக்டரையும் என்னையும் சாவிக்கொத்துக் கடைக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"படத்துல எந்த வண்டி முன்னாடி இருக்கு, பாரு."

பார்த்தேன். நீலம். மஞ்சள் வண்டியைப் பாதி மறைத்துக்கொண்டு நீலம் முன்னால் நின்றது. காலையிலிருந்து நான் தவம் கிடந்தும் கிடைக்காத படம், எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

"குவாரிப் பக்கம் நின்னா மஞ்சள்தான் முன்னாடி தெரியும். நீலம் முன்னாடி வந்தா, எடுத்தவர் அருவிப் பக்கம் நிக்கறார்னு அர்த்தம்."

"ஆனா கம்பி இடது பக்கமா ஏறுதே அண்ணி? அருவிப் பக்கம்னா வலது பக்கமால்ல ஏறணும்?"

"அதான் கேள்வி. ரெண்டுல ஒண்ணு பொய். வண்டி பொய் சொல்லாது." அண்ணி போனைப் பல் டாக்டரிடம் நீட்டினார். "டாக்டர், இந்தப் படத்தை நேத்துலேருந்து எத்தனை தடவை பாத்திருப்பீங்க?"

"கணக்கே இல்ல மேடம்."

"அவ்வளவும் பொண்டாட்டியா பாத்தீங்க. இப்போ டாக்டரா பாருங்க. நாற்காலில வாயைத் திறந்துக்கிட்டு ஒரு பேஷண்ட் உக்காந்திருக்கார்னு நினைச்சுக்குங்க. பேர் கிடையாது, உறவு கிடையாது."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். அந்த முகத்தில் அழுகை போய், வேலை வந்ததை நான் பார்த்தேன். புருவம் சுருங்கிற்று.

"பல் தப்பு" என்றார்.

"என்ன தப்பு?"

"அவருக்கு உடைஞ்சது மேல் வரிசைல இடது பல். அந்தப் பல்லோடதான் என் கிளினிக்குக்கு வந்தார். கேப் போடறேன்னு எவ்வளவோ சொன்னேன், அதான் என் அடையாளம்னு விட்டுட்டார். அப்புறம் என்னையே கட்டிக்கிட்டார். இந்தப் படத்துல வலது பல் உடைஞ்சிருக்கு." அவர் குரல் முதல்முறையாக நடுங்கிற்று. "மேடம், படம் திரும்பியிருக்கு. இடம் வலமா மாறியிருக்கு."

அண்ணி சந்துபொந்தின் சேனலைத் திறந்தார். ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால், "அடுத்து எங்கே போறோம்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு படம் போடுவது வழக்கம். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் உடைந்தது வலது பல். வீடியோக்களில் இடது பல்.

"போட்டிக்காரங்க இடத்தைக் கண்டுபிடிச்சு முந்திக்கக் கூடாதுன்னு வேணும்னே திருப்பி வெச்சிருக்கார்" என்றார் அண்ணி. "போன்லயே அப்படி செட் பண்ணியிருப்பார். உங்களுக்கு அனுப்பினதும் அந்தப் போன்ல எடுத்ததுதான்."

"அடப்பாவி" என்றேன். "ஊரை ஏமாத்த வெச்ச குறுக்கு புத்தி, தன்னையே தேட விடாம பண்ணிருச்சே."

பல் டாக்டர் ஓடப் பார்த்தார். "விசில்காரர்கிட்ட சொல்லணும், எல்லாரையும் அந்தப் பக்கம்..."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்தத் திருப்பின படங்களைச் சேனல்ல போடறது யாரு?"

"எடிட்டர் தம்பிதான். எல்லாமே..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கடை இடுக்கு வழியாக நாங்கள் மூவரும் வாசலைப் பார்த்தோம். எடிட்டர் போன் குச்சியை உயர்த்திப் பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மக்களே மக்களே என்று பேசிக்கொண்டிருந்தான். சுற்றி ஒரு கூட்டம். ஒரு பெண் அவன் கூட நின்று செல்ஃபி எடுத்தாள். படம் திரும்பியது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். நேற்றிலிருந்து அவன் அதைச் சொல்லவில்லை.

"செருப்பால அடிப்பேன்" என்றார் பல் டாக்டர், மெதுவாக.

"அடிக்கலாம்" என்றார் அண்ணி. "மொதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம். அருவிப் பக்கம் முழுக்க காடு. தேடி முடிக்கப் பொழுது பத்தாது. எங்கேன்னு அவனுக்குத் தெரியும். கேட்டா சொல்ல மாட்டான், அழுவான். அதனால கேக்கப் போறதில்ல."

*

விசில்காரரின் காதில் அண்ணி என்ன ஓதினாரோ, அவர் விசிலை ஊதாமல் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த நீல வண்டியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றவில்லை. விசில்காரர், கயிறும் ஸ்ட்ரெச்சருமாக அவருடைய ஆட்கள் இரண்டு பேர், பல் டாக்டர், எடிட்டர், அண்ணி, கதவு மூடுகிற ஊழியர். அப்புறம் கடவுளே என்று நான். உச்சிக்குப் போய் அங்கிருந்து குவாரிப் பக்கம் இறங்கித் தேடப் போகிறோம் என்றுதான் எடிட்டரிடம் சொல்லியிருந்தது. அவனும் லைவை ஓடவிட்டபடியே ஏறினான்.

ஏறுவதற்கு முன் அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வண்டில நீ வெளியே பாக்க வேண்டாம்."

"தெய்வமே" என்றேன்.

"அந்தத் தம்பி கண்ணை மட்டும் பாரு. வேற யாராவது அவனையே பாத்துக்கிட்டிருந்தா உஷாராயிருவான். நீ ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்னு காலைலயே இந்த ஸ்டேஷன் பூராவுக்கும் தெரியும்."

என் பயத்துக்கும் ஒரு நாள் வேலை கிடைத்தது.

வண்டி கிளம்பியதும் நடுவில் இருந்த கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். விசில்காரரின் ஆள் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சிரிக்கட்டும். பாதித் தூரம் நெருங்கும்போது அண்ணி சொன்னார், "படத்துல ரெண்டு வண்டியும் கடக்குது. கடக்கிற இடம் இந்த மலைல ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு நேர் கீழதான் அவர் நின்னிருக்கணும். எல்லாரும் ரெண்டு பக்கமும் நல்லாப் பாருங்க."

எல்லோரும் ஜன்னல்களுக்குப் போனார்கள். தலைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தன. மரம், பாறை, புதர் என்று கண்கள் மேய்ந்தன. எதிரே மஞ்சள் வண்டி இறங்கி வந்தது. அதற்குள் இருந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் எங்களுக்கு டாட்டா காட்டியது.

எடிட்டரின் தலை அலையவில்லை. அவன் அருவிப் பக்க ஜன்னலில் ஒரே இடத்தைப் பார்த்தான். வண்டி நகர நகர அவன் கழுத்து திரும்பியது, கண் மட்டும் அந்த இடத்தை விடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தேடினார்கள். இவன் பார்த்தான். அப்புறம் சட்டென்று குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

"அண்ணி" என்றேன். அவன் பார்த்த இடம் எது என்று சொல்ல வேண்டுமென்றால் நான் திரும்பிக் கீழே பார்த்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. என் மகள் முகத்தை நினைத்துக்கொண்டு கம்பத்தை விட்டேன், திரும்பினேன், பார்த்தேன். அடியில் பூமி எங்கேயோ இருந்தது. அருவியின் சாரல் படுகிற ஒரு பாறைத் திட்டு, அதன் மேல் கொடி மண்டிய ஒரு மேடு. மேட்டின் ஓரத்தில், கொடிகளுக்கு நடுவே, வளைந்த மூலையோடு ஒரு ஜன்னல் கண்ணாடி பளிச்சிட்டது.

"அங்க! அந்தக் கொடி! அது மேடு இல்ல, பழைய வண்டி! பழைய கேபிள் வண்டி கிடக்கு அங்க!" என்று கத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விசில்காரர் கையை உயர்த்தினார், ஊழியர் போனில் சொன்னார், வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. நின்ற வண்டி ஆடியது. நடுவழியில் பழுதானால் ஆட்களை இறக்குவதற்கென்று தரையில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்தார்கள். எனக்கு ஒரு சாண் தள்ளி தரை இல்லாமல் போயிற்று. நான் செய்த சத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை.

ஆட்கள் கயிற்றில் இறங்கினார்கள். எடிட்டர் போனை எடுத்து லைவை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அண்ணி. "இவ்வளவு நேரம் பாத்தவங்களுக்கு ஆள் கிடைக்கறதைக் காட்ட வேண்டாமா?"

அவன் போன் குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டான். "நான் தள்ளல மேடம். சத்தியமா தள்ளல."

"கூடப் போகலைன்னு சொன்னீங்க."

"போனேன். பாறை சரிஞ்சுது. கண்ணு முழிச்சப்போ நான் மேல கிடந்தேன், அவர் இல்ல. நான் எப்படித் தப்பிச்சேன்னே தெரியல. கூப்பிட்டேன், சத்தம் வரல. ஆள் கூட்டத்தான் கீழ ஓடி வந்தேன். ஆள் கூட்டத்தான் லைவ் போட்டேன்."

"அப்புறம்?"

"படத்தைப் பாத்துட்டு அவங்களே குவாரின்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல. அவ்வளவுதான் மேடம் பண்ணேன்." அவன் அழுதான். "ஆறு வருஷம் அவருக்குக் கேமரா புடிச்சேன். ஒரு வீடியோல கூட என் முகம் வந்ததில்ல. நேத்து எல்லாரும் என் பேரைக் கேட்டாங்க. சாயங்காலம் சொல்லிரலாம்னு நினைச்சேன். அப்புறம் காலைல சொல்லலாம்னு நினைச்சேன். நேரமாக ஆக, எப்படிச் சொல்றதுன்னு தெரியாமப் போச்சு."

பல் டாக்டர் எழுந்து அவனிடம் போனார். அறை விழும் என்று நினைத்தேன், விழட்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்! உயிர் இருக்கு சார்!"

பல் டாக்டர் அப்படியே திறந்த மூடியின் ஓரத்தில் மண்டியிட்டார். அண்ணி அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணி கண்ணில் தண்ணீர். ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்கும் வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஸ்ட்ரெச்சர் மேலே வந்தது. சந்துபொந்தின் ஒரு கால் திரும்பிக் கிடந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து காலை இழுத்து இழுத்து அந்தப் பழைய வண்டிக்குள் போய்ப் படுத்திருக்கிறான், அதனால்தான் மழையில் பிழைத்தான் என்றார்கள். விசில்காரர் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார். மனைவி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சந்துபொந்து கண்ணைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான். யாரையோ தேடுகிற மாதிரி தலையைத் திருப்பப் பார்த்தான், முடியவில்லை. எடிட்டர் அவன் தலைமாட்டுக்குப் பின்னால், மூலையில் ஒடுங்கி நின்றிருந்தான்.

"தம்பி எங்க?" என்றான் சந்துபொந்து.

எல்லோர் கண்ணும் அந்த மூலைக்குப் போயிற்று.

"பாறை சரியறப்போ அவனைப் புடிச்சு மேல தள்ளி விட்டேன். எங்க போய் விழுந்தான்னு தெரியல. ராத்திரி பூரா கூப்பிட்டேன், பதிலே வரல." மூச்சு வாங்கிற்று. "எனக்கு ஒண்ணும் இல்ல, இந்தக் கால்தான். மொதல்ல அவனைத் தேடச் சொல்லு. சின்னப் பையன். அவங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பல் டாக்டர் தலையை நிமிர்த்தி எடிட்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்றிருந்தால் திறந்த மூடி வழியாகக் குதித்திருப்பேன். எடிட்டரின் கையிலிருந்த போன் குச்சி நழுவித் தரையில் விழுந்தது. பல் டாக்டர் மறுபடி கணவன் பக்கம் குனிந்து, ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"பொழச்சுட்டான்" என்றார். "ஒரு கீறல் கூட இல்ல."

"அப்பாடா" என்று சந்துபொந்து கண்ணை மூடிக்கொண்டான்.

ஊழியர் தரை மூடியைச் சாத்தினார். வண்டி மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. எடிட்டர் மூலையிலேயே உட்கார்ந்து, ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினான். பிடிக்காமல் இழுத்துக்கொண்டான்.